சப்பாத்தில்லாமல் பார்த்த ஓகூஸ்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தை நான் முதலில் பார்த்தது உள்ளங்காலால். கண்ணாலும் பார்த்தேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த நாளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது காலுக்குக் கீழே கிடந்த உருண்டைக் கற்களும் அவற்றின் குளிரும்தான்.

இப்போது நாங்கள் அந்த ஊருக்கே குடிவந்துவிட்டோம். காலையில் பஸ்ஸில் ஏறி யன்னலில் தலையைச் சாய்த்தால், இறங்கும் இடம் வரும்வரை வெளியே என்ன நடக்கிறது என்று நான் பார்ப்பதேயில்லை. பழகிய ஊரை யார் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்? அதனால்தானோ என்னவோ, பழகாத அந்த ஒரு நாளை அடிக்கடி எடுத்துத் துடைத்துப் பார்க்கிறேன். அந்த ஊரை இன்னுமொரு முறை முதன்முதலாகப் பார்க்க யாராவது விட்டால், இந்த வயதிலும் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் போவேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். கலியாணம் பேசி, எஸ்பியர்க்கில் இருந்த என் கணவரிடம் வந்து சேர்ந்தவள். முதல் சில வருஷம் டென்மார்க்கில் நான் தனியாகப் போன தூரம் என்றால், வீட்டுக்கும் மொழிப் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் உள்ள தூரம்தான். மற்ற எல்லா இடத்துக்கும் கார். கார் அத்தானுடையது. அத்தான் என்று நான் கூப்பிடுவது கணவரின் தமையனை. தங்கமான மனிதர். ஆனால் ஒருவரையும் நடக்க விடமாட்டார். "உங்களுக்கு ஏன் பிள்ளை அலைச்சல், நான் ஏத்திக்கொண்டு போறன்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் குடும்பம் முழுவதற்கும் காலுக்குப் பதிலாகக் கார்ச் சில்லுப் பூட்டி வைத்திருந்தார். கோல்டிங் நகரத்தில் ஒரு பெண்பிள்ளைக்குச் சாமத்தியவீடு என்றால் பின் ஆசனத்தில் ஏறி இருப்போம். மண்டபத்து வாசலில் இறங்குவோம். உள்ளே போனால் எங்கள் ஆட்கள், எங்கள் சாப்பாடு, எங்கள் சத்தம். திரும்பவும் பின் ஆசனம். நான் கண்ட டென்மார்க் மழைத்துளி வழிகிற ஒரு கார்க் கண்ணாடி.

மொழிப் பள்ளிக்கூடம் முடியும் தறுவாயில், வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை பழகுவதற்கு இடம் கேட்டுப் போட்டேன். எஸ்பியர்க்கில் கிடைக்கவில்லை. ஓகூஸில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் இருந்து தொலைபேசி வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். கணவருக்கு அன்றைக்கு மீன் தொழிற்சாலையில் வேலை.

"அண்ணை கூட்டிக்கொண்டு போவர்," என்றார் அவர்.

"இல்லையப்பா, நான் தனியப் போறன்."

"நீர் தனியவோ? பிரெடெரிசியாவில ரெயின் மாறோணுமெல்லோ."

"மாறுறன்."

"மாறாமல் விட்டால் ஜேர்மனிக்குப் போயிடுவீர்."

"போனால் அங்க உங்கட மாமி இருக்கிறா. சாப்பாடு தருவா."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டுச் சொன்னார்: "இஞ்சேரும், பகிடி இல்லை. வேலை கிடைச்சால் நாங்கள் அங்கால வீடு மாறுமட்டும் நீர் தனியத்தான் போய் வரோணும். அண்ணையை ஒவ்வொரு நாளும் கேக்கேலாது. போய் வர ஏலுமெண்டால் எடும். வழியில நிண்டு ‘வாங்கோ’ எண்டு போன் அடிக்கிறதெண்டால், என்னோட மீன் ஃபாப்ரிக்குக்கு வாரும். அங்க ஆள் தேவையாம்."

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். ஆனால் எனக்கு அந்த வேலை தெரியும். முதல் வருஷம் கோடை விடுமுறைக்கு அந்தத் தொழிற்சாலையில் நான் வேலை செய்திருக்கிறேன். மன்னாரில் பிறந்தவளுக்கு மீனில் என்ன வெறுப்பு? ஆனால் மீன் கதைக்காது. காதில் சத்தத்துக்குத் தடுப்புப் போட்டு, வாய்க்கு மூடி போட்டு, ஒரு சொல்லும் பேசாமல் காலை முதல் பின்னேரம் வரை நிற்பதென்றால், அது என்னைப் போன்ற வாயாடிக்குத் தண்டனை.

அத்தான் விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "பிள்ளை, வியாழக்கிழமை நான் ஓய்வுதான். காருக்கு எண்ணெய் அடிச்சு வைச்சிருக்கிறன். எங்க நிண்டாலும் ஒரு போன் அடி, பறந்து வருவன்." ஓகூஸைவிட எனக்குப் பயம் அந்த அன்பில்தான் இருந்தது. ஒரேயொரு போன் அடித்தால் போதும், எல்லாம் சுகமாக முடிந்துவிடும். என் வேலையும் சேர்ந்து.

வியாழக்கிழமை காலை கணவர் ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே கறுப்புத் தோல் சப்பாத்து, புதிது. "நேர்முகத்துக்குப் போறனீர், உந்தப் பழஞ்சப்பாத்தோட போகாதையும்." என் காலின் அளவை அவர் எப்போது பார்த்து வைத்தார் என்று தெரியாது. ஒட்டிப் பிடித்ததுபோல் பொருந்தியது.

பிரெடெரிசியாவில் ரயில் மாறினேன். மாறின பிறகும் நம்பிக்கை வராமல், பெட்டிக்குள் பின்னல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் "இது ஓகூஸுக்கோ?" என்று கேட்டேன். அவர் "ஓம்" என்றார். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் கேட்டேன். ஊசியை மடியில் வைத்துவிட்டு, "இன்னும் ஓகூஸுக்குத்தான்" என்றார். டேனிஷ்காரர் சொன்னதையெல்லாம் நான் எங்கள் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் குரல்களே மன்னார்க் குரல்களாகக் கேட்கின்றன. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேசனை விட்டு வெளியே வந்தபோது நேரம் நிறைய இருந்தது. பயத்தில் இரண்டு ரயில் முந்தியே ஏறியிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது சைக்கிள்கள். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, காய்ந்த முள்வேலிபோல் கிடந்தன. பிறகு காற்று. அதில் உப்பு இருந்தது. கடல் எங்கேயோ அடுத்த தெருவில் நிற்கிறது என்று மூக்கு சொன்னது. பதினைந்து வயதுக்கு முன்னால் பழகிய மணம் எந்த நாட்டில் வந்தாலும் மூக்கு எழுந்து நின்று வணக்கம் வைக்கும்.

சித்திரை மாதம். வெயில் இருந்தது, சூடு இல்லை. படத்தில் கீறிய வெயில். ஆனால் அந்த ஊர்ச் சனம் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. நகரத்தின் நடுவால் ஓடுகிற சிற்றாற்றின் இரண்டு பக்கமும் கதிரை போட்டு, முழங்காலுக்குக் கம்பளி போர்த்தி, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். எங்கள் கடற்கரையில் கருவாடு காயப் போட்டதுபோல. வெயில் நகர நகர அவர்களும் கதிரையை நகர்த்தினார்கள். நான் சிரித்துக்கொண்டே நடந்தேன். ஒருவருக்கும் மனைவியாக இல்லாமல், தங்கச்சியாக இல்லாமல், ஒரு காரின் பின் ஆசனமும் இல்லாமல் ஒரு தெருவில் நடப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சந்தியில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று நானே நினைத்து நானே திரும்பினேன். அவ்வளவுதான்.

முதியோர் இல்லத்துக்குப் போகும் வழியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நடக்கிற தூரம்தான். அந்த வழியில் செங்கல்லால் கட்டிய ஒரு சின்ன தேவாலயம் இருந்தது. நாங்கள் கத்தோலிக்கர். தேவாலயம் என்று வாயில் வராது, கோயில் என்றுதான் வரும். நல்ல காரியத்துக்குப் போகிறேன், கோயிலைக் கண்டும் உள்ளே போகாமல் போவதா? படியில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். பக்கத்தில் ஒரு மட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் நாலைந்து கோப்பைகள், ஒரு மேசைவிளக்கு, குழந்தைச் சட்டைகள். யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, பெட்டியோடு ஒட்டினாற்போல் சப்பாத்தைச் சோடியாக, நேராக, மூக்கு வெளியே பார்க்க வைத்தேன். ஊரில் கோயில் வாசலில் எல்லோரும் அப்படித்தானே வைப்போம்?

உள்ளே வெள்ளைச் சுவர். மாதா சுரூபம் இல்லை, அந்தோனியார் இல்லை, பூ மாலை இல்லை. யாரோ இப்போதுதான் வீடு மாறிப் போனதுபோல் இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தேன். கூரையில் இருந்து ஒரு கப்பல் தொங்கியது. ஒரு ஆள் கையில் தூக்கக்கூடிய பாய்மரக் கப்பல். கயிறு, பாய், ஏணி எல்லாம் இருந்தன. கடலுக்குப் போனவர்களுக்காகக் கட்டித் தொங்கவிட்டது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. என் அப்பா கடலுக்குப் போகிறவர். அதன் கீழே மர வாங்கில் உட்கார்ந்து, "ஆண்டவரே, நேர்முகத்தில என்ர டேனிஷ் அறுந்து விழாமல் பாரும். முக்கியமாகப் போன் அடிக்க வைச்சிடாதையும்" என்று கேட்டுக்கொண்டேன். காலுக்குக் கீழே கல் நிலம் ஐஸாகக் குளிர்ந்தது. காலுறையோடு அதைப் பொறுத்துக்கொண்டு இருப்பதும் ஒரு நேர்த்திக்கடன் என்று எண்ணிக்கொண்டேன்.

வெளியே வந்தால் சப்பாத்து இல்லை. விளக்கும் இல்லை. பெட்டிக்குள் இரண்டு கோப்பை மட்டும் கிடந்தது.

படியைச் சுற்றிப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கோயிலைப் பராமரிக்கிற ஒரு பெண், என் அம்மாவின் வயதிருக்கும், விளக்குமாற்றோடு வந்தார்.

"என்ன தேடுறீங்கள்?"

"என்ர சப்பாத்து. இதில கழட்டி வைச்சனான்."

"இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலயோ?"

"ஓம்."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வாயில் கையை வைத்தார். "ஐயையோ. இது சும்மா குடுக்கிற சாமான் வைக்கிற இடம். தேவைப்பட்டவை எடுத்துக்கொண்டு போவினம். இப்பதான் ஒரு பெட்டை கறுப்புச் சப்பாத்தோட போனவள்."

"போட்டுக்கொண்டோ?"

"இல்லை, கையில பிடிச்சுக்கொண்டு. சரியான சந்தோசமாய்ப் போனவள். இவ்வளவு புதுசை ஆரோ சும்மா குடுத்திருக்கினம், எவ்வளவு நல்ல மனசு எண்டு நானும் நினைச்சன்."

அழுவதா சிரிப்பதா? என் நல்ல மனசு எந்தத் தெருவால் போனது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

"அது சரி, ஏன் கழட்டினனீங்கள்?"

"கோயிலெல்லோ. எங்கட ஊரில சாமி இருக்கிற இடத்துக்குச் சப்பாத்தோட போறேல்லை."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். கனமான தோல் சப்பாத்து, சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "நல்ல பழக்கம்தான்," என்றார். "ஆனால் எங்கட ஆக்களுக்குச் சளி பிடிக்கும்." பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் உள்ளே போய், ஒரு சோடி பச்சை ரப்பர்ச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முழங்கால் வரை வருகிறது, தோட்ட வேலைக்குப் போடுவது. "இதைப் போட்டுக்கொண்டு போறீங்களோ? பிறகு கொண்டுவந்து தரலாம்."

"இல்லையில்லை, வேண்டாம், பரவாயில்லை," என்றேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். வேறு என்ன சொல்வது? ஒருவர் ஒரு பொருளை நீட்டினால் முதல் தரம் வேண்டாம் என்பதுதானே மரியாதை? தேத்தண்ணி குடிக்கிறீரோ என்றால் இப்பதான் குடிச்சனான் என்போம். அவர்கள் "சும்மா குடியும் பிள்ளை" என்பார்கள். "ஏன் கரைச்சல்" என்போம். அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும். முதல் "வேண்டாம்" என்பதை யாரும் உண்மையான வேண்டாமாக எடுப்பதில்லை. அது கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். நானும் அவர் இரண்டாம் தரம் கேட்பார், "சும்மா போடுங்கோ" என்பார், உடனே போட்டுவிடுவோம் என்று, காலைக்கூடக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"சரி," என்றார் அவர். "உங்கட அலுவல் நல்லபடி நடக்கட்டும்." ரப்பர்ச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

தூக்கிய காலை நான் கீழே வைத்தேன்.

கடைக்குள் போய் ஒரு சோடி வாங்கலாம் என்று வேண்டுமானால் நீங்கள் நினைப்பீர்கள். என் பெயரில் அப்போது வங்கி அட்டை கிடையாது. என்னிடம் இருந்தது திரும்பி வரும் டிக்கெட்டும் ஒரு கைத்தொலைபேசியும். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அத்தானின் இலக்கம் முதலாவதாக இருந்தது. அடித்தால் அவர் வருவார். அவர் வந்து சேர்வதற்குள் ஒரு மணி தாண்டிவிடும், அது வேறு விஷயம். ஆனால் பின் ஆசனம் வரும். "நான் அப்பவே சொன்னனான் பிள்ளை" வரும். நாளைக்குக் காலையில் காதுக்குத் தடுப்பும் வாய்க்கு மூடியும் வரும். தொலைபேசியைப் பைக்குள் ஆழமாகப் போட்டு, அதன்மேல் என் சால்வையைத் திணித்தேன். காலுறையோடு நடக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் ஓகூஸைப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

பழைய தெருக்களில் கல் பதித்திருந்தது. ஒவ்வொரு கல்லும் ஒரு பாண் அளவு, மேல்பக்கம் உருண்டை. சப்பாத்தோடு போகிறவனுக்கு அது ஒரு தெரு. எனக்கு ஒவ்வொரு கல்லும் ஒவ்வோர் ஆள். சிலது நிழலில் கிடந்து விறைத்திருந்தது. சிலது வெயில் பட்டு, அடுப்படிச் சுவர்போல் இளஞ்சூடாக இருந்தது. வெயில் கல்லாகப் பார்த்துப் பார்த்து மிதித்தேன். ஆற்றங்கரையில் கதிரையை நகர்த்திக்கொண்டிருந்த அந்தச் சனத்தைப் பார்த்துச் சிரித்தேனே, அரை மணித்தியாலத்தில் நானும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டேன். வெதுப்பகம் ஒன்றின் வாசலில் கம்பித் தட்டி போட்ட ஒரு குழி. அதற்குள் இருந்து சூடான காற்றும் கறுவாப்பட்டை மணமும் வந்தது. அதன்மேல் நின்று காலைக் காயவைத்தேன். உள்ளே பாண் அடுக்கிக்கொண்டிருந்தவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

கொஞ்சத் தூரத்தில் வழவழவென்று ஒரு பாதை கண்டேன். கல் இல்லை, குத்து இல்லை. பட்டுப்போல் இருந்தது. சந்தோசமாக ஏறினேன். பின்னால் மணிச் சத்தம். திரும்புவதற்குள் ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போனது, அதன் பின்னால் இன்னொன்று, முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகளோடு மூன்றாவது. "இது சைக்கிள் பாதை!" என்று கத்திக்கொண்டு போனார் ஒருவர். காலில் சப்பாத்து இல்லை என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதை மாறியதுதான் குற்றம்.

அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருவரும் என் காலைப் பார்க்கவில்லை. எஸ்பியர்க்கில் இந்தப் பார்க்காமல் போவதைத்தான் நான் குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார், என்ன சனம் இது என்று. ஊரில் நான் இப்படி நடந்திருந்தால் சந்திக்குச் சந்தி விளக்கம் சொல்லவேண்டும். வீட்டுக்குப் போவதற்குள் எனக்குப் பேய் பிடித்ததென்று அம்மாவுக்குச் செய்தி போய்விடும். அன்றைக்கு, அந்தப் பார்க்காமை ஒரு போர்வைபோல் என்னை மூடிக்கொண்டு வந்தது.

ஒரேயொரு ஆள் பார்த்தது. தெருவைக் கடக்க நின்றபோது, தாயின் கையைப் பிடித்திருந்த ஒரு சின்னப் பெண். "அம்மா, அவவுக்குச் சப்பாத்து இல்லை."

தாய் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "அவவுக்கு அப்பிடி நடக்க விருப்பமாயிருக்கும்," என்றார்.

மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். பெரிய படிப்பு இல்லாத எனக்கு அதுதான் படிப்பு. இந்த நாட்டில் நான் பொறுக்கியதில் அதைப்போல் ஒன்று பிறகு கிடைக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அப்படி நடக்க விருப்பம்தான் என்பதுபோல் நிமிர்ந்து கடந்தேன்.

முதியோர் இல்லத்துக்கு ஒரு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். காலுறை ஈரம், ஒரு பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. பொறுப்பாளர் உயரமான பெண், முடியைக் கட்டையாக வெட்டியவர். கை கொடுத்தார். பிறகு கீழே பார்த்தார்.

"சப்பாத்தை வாசலிலயோ விட்டனீங்கள்? இஞ்ச கழட்டத் தேவையில்லை."

ஓம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்ன மரியாதையான பிள்ளை என்றும் நினைத்திருப்பார். ஆனால் போகும்போது வாசல்வரை வந்து வழியனுப்பினால்?

"இல்லை," என்றேன். "கோயிலில விட்டனான்."

அதற்குப் பிறகு என் வாய் என் சொல் கேட்கவில்லை. நேரத்துக்கு வருவேன், பொறுமைசாலி, வயதானவர்களை மதிப்பேன் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கியதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பெட்டி, பெட்டை, பச்சை ரப்பர்ச் சப்பாத்து, சைக்கிள் எல்லாவற்றையும் சொன்னேன். முன்னுக்கு வரவேண்டிய சொல் பின்னுக்கு வந்தது. தெரியாத சொல்லுக்குக் கையைக் காட்டினேன். தூக்கிய காலோடு நின்றதை எழும்பி நின்றே காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"ஆருக்கும் போன் அடிச்சிருக்கலாமே? ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம். அடிச்சால் உடனே வருவினம். பிறகு ஒருக்காலும் தனிய விடமாட்டினம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"கோப்பி குடிக்கிறீங்களோ?"

"ஓம்," என்றேன், அவர் கேட்டு முடிக்கும் முன்னமே.

"காய்ஞ்ச சொக்ஸ்?"

"ஓம்."

அலுமாரியில் இருந்து ஒரு சோடி கம்பளிக் காலுறையும், மர அடியும் வெள்ளைத் தோலும் கொண்ட பழைய தாதிமார் சப்பாத்தும் வந்தன. அதற்கும் ஓம்.

கோப்பி குடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். இங்கே ஒரு முதியவர் இருக்கிறார், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்பார், அறையிலேயே இருந்துவிடுவார், நீங்கள் என்ன செய்வீர்கள்?

"திரும்பக் கேப்பன்."

"அவர் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். இஞ்ச வேண்டாம் எண்டால் வேண்டாம். நாங்கள் அதை மதிக்கோணும். வற்புறுத்தக் கூடாது."

"வற்புறுத்தமாட்டன். போயிட்டுக் கொஞ்சத்தால வந்து, வேற என்னவும் கதைச்சுப்போட்டு, இன்னொருக்கால் கேப்பன். அந்தக் கோயில் அம்மா இன்னொருக்கால் கேட்டிருந்தால் நான் இவ்வளவு தூரம் கல்லில நடந்திருக்கமாட்டன்."

"இரண்டாந்தரமும் வேண்டாம் எண்டால்?"

"அப்ப உண்மையாய் வேண்டாம்."

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு கோப்பியைக் கலக்கினார். அதில் சீனியும் இல்லை, பாலும் இல்லை. பிறகு எழும்பி வாசல்வரை வந்தார். நான் மரச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது, "போட்டுக்கொண்டு போங்கோ. அடுத்தமுறை வரேக்க கொண்டு வாங்கோ," என்றார்.

ரயிலில் இருந்து அந்த "அடுத்தமுறை"யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்களிடம் அடுத்தமுறை என்றால் அது வாசல் படலையடியில் சொல்கிற சொல். அடுத்தமுறை வந்தால் நின்று சாப்பிட்டுப் போகவேண்டும் என்பார்கள். அந்த அடுத்தமுறை ஒரு காலமும் வராது. ஆனால் இது நான் ஒருதரம் வேண்டாம் என்றதும் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போன ஊர். இங்கே வாய்க்கு வந்த சொல்லை யாரும் அழகுக்குச் சொல்வதில்லை. அப்படியென்றால்? பிரெடெரிசியாவில் ரயில் மாறும்போதுதான் எனக்கு உறைத்தது, அப்படியென்றால் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ரயில் வரும்வரை மேடையின் இந்தத் தலைப்பில் இருந்து அந்தத் தலைப்புக்கு டொக் டொக் என்று நடந்தேன். திங்கட்கிழமை அவர்கள் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அது பழைய செய்தி.

எஸ்பியர்க் ஸ்டேசனில் இரண்டு பேரும் நின்றார்கள். கணவர் வேலை உடுப்போடு, மீன் மணத்தோடு. அத்தான் கார்த் திறப்பை விரலில் சுற்றிக்கொண்டு. இன்னும் நன்றாக வெளிச்சமிருந்தது.

அத்தான்தான் முதலில் கண்டார். "பிள்ளை, உதென்ன காலில? ஆஸ்பத்திரியாலயோ வாறாய்?"

"சப்பாத்தை ஓகூஸில குடுத்திட்டு வந்திட்டன், அத்தான்."

"குடுத்திட்டியோ? ஏன் ஒரு போன் அடிச்சிருக்கலாமே!"

"ஓம், அடிச்சிருக்கலாம்."

கணவர் என் காலைப் பார்த்தார். தான் வாங்கித் தந்தது எங்கே என்று கேட்கவில்லை. "ரெயின் மாறினீரோ?" என்றார்.

"போகேக்கயும் மாறினனான், வரேக்கயும் மாறினனான். வேலையும் சரி."

அத்தான் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நீங்கள் போங்கோ," என்றார் கணவர். "நாங்கள் நடந்து வாறம்."

"நடந்தோ? உந்தக் கட்டையோடயோ?"

"அவ ஓகூஸ் முழுக்க நடந்திருக்கிறா. இதென்ன, வீட்டடிதானே."

அத்தான் கதவைச் சாத்தினார். எங்களைப் பார்த்து ஒரு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார், கொஞ்சம் கோபம், கொஞ்சம் பகிடி.

நாங்கள் நடந்தோம். நான் அந்த மரச் சப்பாத்தோடு மெல்ல நடந்தேன். அவரும் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தார். கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார்: "ஓகூஸ் எப்பிடியிருக்கும்?"

"ஏன், நீங்கள் போகேல்லையோ? எத்தினை கலியாணவீட்டுக்குப் போனனீங்கள்."

"போனனான்தான். மண்டபம் தெரியும், மண்டபத்தில ஆர் ஆர் வந்தவை எண்டு தெரியும். ஊர் தெரியாது."

இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எனக்கு ஆட்கள் இடங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். இது இப்படி, அது அப்படி, அங்கே போகாதே, இங்கே கவனம். யாரும் என்னிடம் ஓர் ஊர் எப்படியிருக்கும் என்று கேட்டதில்லை. நான் தொடங்கினேன். முள்வேலிபோல் கிடந்த சைக்கிளில் தொடங்கி, காயப்போட்ட சனத்துக்கு வந்து, கோயிலுக்குள் தொங்கிய கப்பலுக்கு வந்தேன். அவர் நடுநடுவே நிறுத்தினார். "கப்பலோ? எவ்வளவு பெரிசு?" நான் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "கல்லுக் குத்தேல்லையோ?" "குத்தினதுதான். ஆனால் வெயில் கல்லு எண்டு ஒண்டு இருக்கு, கேளுங்கோ."

வீட்டு வாசல் வந்தபோது நான் இன்னும் முதியோர் இல்லத்துக்கே போய்ச் சேரவில்லை. சைக்கிள் பாதையில்தான் நின்றேன். அவர் திறப்பைக் கையில் எடுத்தார். பூட்டில் போடவில்லை. தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"கால் நோகாட்டில் இன்னொரு சுத்து நடப்பமோ?" என்றார்.